ஆங்கில மரபுத்தொடர்களில் வீடும் கட்டடமும்: கருத்துருவகக் கோட்பாட்டின் எல்லைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் வீட்டையும் கட்டடத்தையும் அடிப்படையாகக் கொண்ட சொற்களும் மரபுத்தொடர்களும் மிகுதியாக வழங்குகின்றன. இவற்றை விளக்குவதற்கு இன்று பெரிதும் கையாளப்படுவது ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் ஆகியோரின் கருத்துருவகக் கோட்பாடாகும். கட்டடத்தின் தாங்கும் உறுப்புகளிலிருந்து பிறந்த தொடர்களுக்கு இக்கோட்பாடு நிறைவான விளக்கம் தருகிறது. எல்லை உறுப்புகளிலிருந்தும் வாழும் உறுப்புகளிலிருந்தும் பிறந்த தொடர்களுக்கு அது போதுவதில்லை. அவை இங்கிலாந்து, அமெரிக்கச் சமூகங்களின் சட்டம், வர்க்க வேறுபாடு, சமயம் ஆகியவற்றின் வரலாற்றோடு பிணைந்தவை. இவ்வேறுபாட்டைச் சான்றுகளுடன் நிறுவுவதும், தமிழாக்கத்தில் அது ஏற்படுத்தும் விளைவுகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், கருத்துருவகம், மூலக்களம், இலக்குக்களம், வீடு, கட்டடம், சொற்பிறப்பு, தமிழாக்கம்

முன்னுரை

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களுள் அவன் மிக நெடுங்காலம் உள்ளிருந்து அறிந்த பொருள் வீடே. ஆதலால், கண்ணுக்குப் புலப்படாத கருத்துகளைக் கூற வேண்டிய இடங்களில் மொழிகள் வீட்டின் உறுப்புகளைத் துணைக்கு அழைத்துக்கொள்வது இயல்பு. ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. வாதத்திற்கு அடித்தளம் உண்டு. சினம் கூரையை முட்டும். குடும்பத்தின் மறைபொருள் அலமாரிக்குள் எலும்புக்கூடாக நிற்கும். பதவி உயர்வுக்குக் குறுக்கே கண்ணாடித் தடுப்பு இருக்கும்.

இத்தொடர்களைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் அவற்றை 'வீடு தொடர்பானவை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அகரவரிசையில் அடுக்கிவிடுகின்றன. கருத்துருவகக் கோட்பாட்டைப் பின்பற்றும் நூல்கள் இன்னும் ஒருபடி சென்று, இவற்றின் பின்னால் உள்ள பொதுச் சிந்தனை அமைப்பைச் சுட்டுகின்றன. இவ்விரு முறைகளும் ஒரு வினாவை விட்டுவிடுகின்றன. இத்தொடர்களில் வரும் வீடு யாருடைய வீடு? அதைப் பார்ப்பவர் உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? இவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரை மேற்கண்ட கோட்பாட்டை மதிப்பிடுகிறது. ஆய்வு வசதிக்காக வீட்டின் உறுப்புகள் தாங்கும் உறுப்புகள், எல்லை உறுப்புகள், வாழும் உறுப்புகள் என மூவகையாகப் பகுக்கப்பட்டுள்ளன.

1. கோட்பாட்டைக் கட்டடமாகக் காணல்: கருத்தும் மறுப்பும்

லேக்காஃப், ஜான்சன் ஆகியோர் 1980இல் வெளியிட்ட 'மெட்டஃபர்ஸ் வீ லிவ் பை' என்னும் நூல், உருவகத்தைச் செய்யுள் அணி என்னும் நிலையிலிருந்து விடுவித்து, அன்றாடச் சிந்தனையின் அமைப்பாகக் காட்டியது. ஒரு மூலக்களத்தைப் பற்றிய அறிவைக் கொண்டு மற்றோர் இலக்குக்களத்தைப் புரிந்துகொள்ளுதலே கருத்துருவகம். 'கோட்பாடுகள் கட்டடங்கள்' என்பது அவர்கள் காட்டும் புகழ்பெற்ற சான்றுகளுள் ஒன்று. கோட்பாட்டிற்கு அடித்தளம் இடுகிறோம், சான்றுகளால் முட்டுக்கொடுக்கிறோம், அது ஆட்டம் காண்கிறது, இறுதியில் சரிகிறது. இவை தனித்தனி அலங்காரங்கள் அல்ல, ஒரே அமைப்பின் வெளிப்பாடுகள் என்பது அவர்கள் வாதம்.

அந்நூலே ஒரு வரம்பையும் ஒப்புக்கொள்கிறது. உருவகம் மூலக்களத்தின் எல்லாப் பகுதிகளையும் எடுத்துக்கொள்வதில்லை. கோட்பாட்டைப் பேசும்போது அடித்தளமும் புறக்கட்டுமானமும் பயன்படுகின்றன; கூரை, உள்ளறை, படிக்கட்டு, நடைவழி முதலியவை பயன்படுவதில்லை. அவற்றை எவரேனும் பயன்படுத்தினால் அது புதுமையான, கற்பனை சார்ந்த வழக்காகவே தோன்றும் என்று நூலாசிரியர்கள் கூறுகின்றனர்.

சில பகுதிகள் ஏன் விடுபடுகின்றன என்னும் வினாவை 1997இல் ஜோசஃப் கிரேடி எழுப்பினார். கோட்பாடுகளுக்குச் சாளரமும் குடியிருப்போரும் ஏன் இல்லை என்பதற்கு 'கோட்பாடுகள் கட்டடங்கள்' என்னும் வாய்பாடு விடை தருவதில்லை. எனவே, இவ்வுருவகம் கட்டடத்திலிருந்து பிறந்ததே அன்று என்றும், 'ஒழுங்கமைவு என்பது பருப்பொருள் அமைப்பு', 'நிலைத்திருத்தல் என்பது நிமிர்ந்து நிற்றல்' என்னும் இரண்டு முதனிலை உருவகங்களின் சேர்க்கையே என்றும் அவர் விளக்கினார். பகுதிகள் பொருந்தி நிமிர்ந்து நிற்கும் எப்பொருளும் இவ்விடத்தில் பயன்படும். கட்டடம் அவற்றுள் எடுப்பான ஒன்று, அவ்வளவே.

கிரேடியின் திருத்தம் கூர்மையானது. எனினும் இருதரப்பாரும் தம் ஆய்வை 'கோட்பாடு' என்னும் ஓர் இலக்குக்களத்தோடு நிறுத்திக்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது. கோட்பாட்டைப் பேசும்போது விடுபட்ட கூரையும் படிக்கட்டும் அலமாரியும் வேறு இலக்குக்களங்களில் முழு வலிமையோடு வந்து நிற்கின்றன. சினம், மானம், பதவி, மறைவு, உறவு ஆகியவற்றைப் பேசுகையில் ஆங்கிலம் வீட்டின் உட்பகுதியையே நாடுகிறது. ஆகவே, அங்கு 'விடுபட்டவை' எனப்பட்டவை உண்மையில் இடம் மாறியவை. அறிவைப் பற்றிப் பேசும்போது வீடு கட்டுவோன் கண்ணால் பார்க்கப்படுகிறது. மனித உறவைப் பற்றிப் பேசும்போது அதில் வாழ்வோன் கண்ணால் பார்க்கப்படுகிறது. இப்பார்வை மாற்றத்தைக் கருத்துருவகக் கோட்பாடு கணக்கில் கொள்ளவில்லை.

2. தாங்கும் உறுப்புகள்

அடித்தளம், தூண், முட்டு, மூலைக்கல் ஆகியன சுமையைத் தாங்குபவை. இவற்றிலிருந்து பிறந்த தொடர்கள் மொழி கடந்து எளிதில் செல்கின்றன. தமிழில் அடிப்படை, கட்டமைப்பு, கட்டுக்கோப்பு முதலிய சொற்கள் இயல்பாக வழங்குவதே இதற்குச் சான்று. எடையும் ஈர்ப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றே ஆதலால், இவ்வகைத் தொடர்களில் பண்பாட்டுச் சார்பு குறைவு; இங்குக் கோட்பாடு தன் பணியைச் செவ்வனே செய்கிறது.

ஆயினும் தாங்கும் உறுப்பு என்னும் உருவகம் சார்பற்றது என்று கொள்ளுதல் தவறாகும். அமெரிக்க வரலாற்றில் மூன்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு உரைகள் இதற்குத் தக்க சான்றாகின்றன. 1858 ஜூன் 16 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆபிரகாம் லிங்கன், தனக்குள் பிளவுபட்ட வீடு நிலைநிற்காது என்னும் நற்செய்தி நூலின் கருத்தை எடுத்தாண்டு, பாதி அடிமைமுறையும் பாதி விடுதலையுமாக நாடு நெடுங்காலம் நீடிக்க இயலாது என வாதிட்டார். 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீவன்ஸ், இனங்களுக்கிடையே சமத்துவம் இல்லை என்பதும் அடிமைநிலையே கறுப்பினத்தாருக்கு இயல்பு என்பதுமே தம் புதிய அரசின் மூலைக்கல் என்றார். முந்தைய கட்டுநர் தள்ளிய கல்லே மூலைக்கு முதன்மையாயிற்று என்னும் சங்கீதக் கருத்தையும் அவர் துணைக்கு அழைத்தார். அவ்வுரை இன்றும் 'மூலைக்கல் உரை' என்றே அழைக்கப்படுகிறது.

இருவரும் ஒரே சமய நூலிலிருந்தே கட்டட உருவகத்தைப் பெற்றனர். ஆயினும் லிங்கனின் உருவகம் வீட்டார் அனைவரையும் உள்ளடக்கிய முழு வீட்டைக் காட்டுகிறது. ஸ்டீவன்ஸின் உருவகமோ வீட்டாரை மறைத்துக் கல்லை மட்டும் காட்டுகிறது. கல்லின்மீது ஏற்றப்படும் சுமையைப் பற்றி எவரும் கல்லிடம் கேட்பதில்லை. மனிதரை அடித்தளமாக ஆக்கும் கொடுமையை இயற்கை ஒழுங்காகக் காட்ட இவ்வுருவகம் துணைபோயிற்று. 'அடித்தளம்' என்ற சொல் விவாதத்திற்கு அப்பாற்பட்ட ஒன்றாக எதையும் காட்டிவிடும் ஆற்றலுடையது என்பது இதனால் பெறப்படும்.

மார்க்ஸ் 1859இல் எழுதிய அரசியல் பொருளாதார விமரிசன முன்னுரையில் அமைந்த உருவகமும் இங்குக் கருதத்தக்கது. செருமானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கும், பின்னர் 'அடித்தளம்', 'மேற்கட்டுமானம்' எனத் தமிழ்த் திறனாய்விற்கும் அது வந்து சேர்ந்தது. பொருளாதாரமே கீழே நின்று தாங்குகிறது என்னும் கட்டடப் படிமம் விசை ஒரே திசையில் செல்வதாகத் தோன்றச் செய்தது. அதனால் 1890இல் ஜோசஃப் பிளாக்கிற்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், மேற்கட்டுமானக் கூறுகளும் வரலாற்றின் போக்கைப் பாதிக்கின்றன என்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. 1973இல் ரேமண்ட் வில்லியம்ஸ் இவ்வுருவகத்தின் இறுக்கத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். அசைவற்ற கட்டடத்தைக் கொண்டு இயங்கும் சமூகத்தை விளக்குவதில் உள்ள இடர்ப்பாடு இவ்விவாதத்தின் மையமாகும். எளிதில் மொழி கடக்கும் உருவகம் தன் பிழைகளையும் எளிதில் கடத்திச் செல்கிறது.

3. எல்லை உறுப்புகள்

வீட்டின் உள்ளையும் புறத்தையும் பிரிப்பவை வாயில், நிலைப்படி, சுவர், சாளரம், இறவாரம் ஆகியன. இவ்வுறுப்புகளிலிருந்து எழுந்த தொடர்கள் யாருக்கு நுழைவு உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பற்றியனவாகவே பெரும்பாலும் அமைகின்றன.

இவற்றுள் 'ஈவ்ஸ்டிராப்' என்னும் சொல் தனித்துக் காணத்தக்கது. பிறர் பேச்சை மறைந்து கேட்டல் என்பது இதன் இன்றைய பொருள். கூரையின் இறவாரத்திலிருந்து மழைநீர் சொட்டும் நிலப்பகுதியையே இதன் பழைய வடிவம் குறித்தது. அப்பகுதிக்குள் வந்து நின்று வீட்டார் பேச்சைக் கேட்பவன் 'ஈவ்ஸ்டிராப்பர்' எனப்பட்டான். இது வெறும் பழிச்சொல்லாக நில்லாமல் சட்டக் குற்றமாகவும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்க நூலில் இதனைப் பொதுத்தொல்லை வகைக் குற்றமாகக் குறித்துள்ளார். இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டமே இக்குற்றத்தை முறைப்படி நீக்கிற்று.

தமிழின் 'ஒட்டுக்கேட்டல்' இதே செயலைக் குறிக்கிறது. ஆனால் அச்சொல் கேட்பவன் சுவரையோ கதவையோ ஒட்டி நிற்கும் உடல்நிலையைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல் அவன் மீறிய நில எல்லையைக் காட்டுகிறது. ஒன்று செயலைப் படம்பிடிக்கிறது. மற்றொன்று உடைமை எல்லையை அளக்கிறது. 'மறைந்து கேட்டல்' என்னும் பொதுக் கருத்துருவகம் எதுவும் இவ்வேறுபாட்டைத் தோற்றுவித்திருக்க இயலாது. உடைமைச் சட்டத்தின் வரலாறே அதனைத் தோற்றுவித்தது.

ஆங்கிலேயனின் வீடு அவனுக்குக் கோட்டை என்னும் தொடரும் இத்தகையதே. 1604இல் தீர்ப்பளிக்கப்பட்ட செமெய்ன் வழக்கைப் பற்றி எட்வர்டு கோக் எழுதிய குறிப்பின் வழியாக இக்கருத்து சட்ட உலகில் நிலைபெற்றது. அத்தீர்ப்பு வீட்டைக் கோட்டையாக ஏற்றபோதே அதற்கு வரம்பும் வகுத்தது. அரசனின் ஆணையை நிறைவேற்ற வரும் அதிகாரி, வந்த காரணத்தைக் கூறிக் கதவைத் திறக்கக் கேட்டும் திறக்கப்படாவிடில் உடைத்து உட்புகலாம். அடைக்கலமாக வந்த அயலாரின் பொருளுக்கு அவ்வீடு காப்பாகாது. மரபுத்தொடராக மாறியபோது இவ்வரம்புகள் உதிர்ந்து, கோட்டை மட்டும் எஞ்சியது. சட்டம் நிபந்தனையோடு கூறியதை மரபுத்தொடர் நிபந்தனையின்றிக் கூறுகிறது.

சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ' என்னும் சொல் பழைய நார்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. காற்றின் கண் என்பது அதன் பொருள். அதற்கு முன்னர்ப் பழைய ஆங்கிலத்தில் 'கண்-துளை' எனப் பொருள்படும் சொல் வழங்கிற்று. தமிழில் 'காலதர்' என்னும் பழஞ்சொல் காற்றின் வழி எனப் பொருள்படும். மானின் கண் போன்ற வடிவுடைய காலதர் சிலப்பதிகாரத்தில் சுட்டப்பெறுகிறது. காற்றும் கண்ணும் தொடர்பற்ற இரு மொழிகளில் ஒரே உறுப்பின்மீது வந்து கூடுவது கருத்துருவகக் கோட்பாட்டிற்கு ஆதரவான சான்றாகும்; பொதுவான உடல் அனுபவம் பொதுவான பெயரீட்டைத் தரக்கூடும். ஆனால் இக்கால ஆங்கிலத்தின் 'விண்டோ ஆஃப் ஆப்பர்சூனிட்டி' என்னும் தொடரில் காற்றும் இல்லை, காட்சியும் இல்லை. விண்கலம் ஏவுவதற்கு உகந்த குறுகிய கால இடைவெளியையும் 'விண்டோ' என்பர். திறந்து மூடும் இயல்பு மட்டுமே இங்கு எஞ்சியுள்ளது. ஒரே உறுப்பு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு இயல்புக்காகத் தெரிவு செய்யப்படுகிறது.

சுவரைப் பொறுத்தவரை ஆங்கில வழக்கு பெரும்பாலும் தடையைச் சுட்டுகிறது. முதுகு சுவரில் முட்டி நிற்றல் வேறு வழியற்ற நிலை. செங்கற்சுவரோடு பேசுதல் பயனற்ற முயற்சி. சுவரில் ஏறச் செய்தல் எரிச்சலூட்டல். தமிழில் 'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்னும் பழமொழியில் சுவர் தாங்குபொருளாக, உடலுக்கு உவமையாக நிற்கிறது. 'சுவருக்கும் காது உண்டு' என்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

4. வாழும் உறுப்புகள்

கருத்துருவகக் கோட்பாட்டின் போதாமை மிகத் தெளிவாக வெளிப்படுவது வீட்டின் உட்பகுதியிலேயே. 'ஹிட் த சீலிங்', 'கோ த்ரூ த ரூஃப்' என்னும் தொடர்கள் கடுஞ்சினத்தைக் குறிக்கின்றன. லேக்காஃப் 1987இல் வெளியிட்ட நூலில், சினம் என்பது கலத்தில் கொதிக்கும் நீர்மம் என்னும் உருவகத்தின்கீழ் இவற்றை விளக்கியுள்ளார். மனிதனாகிய கலம் வெடிக்கும்போது அதன் பகுதிகள் மேலே எழும்புகின்றன. விளக்கம் பொருத்தமானதே. இங்கு வீடு மூலக்களம் அன்று. சினம் எழும்பிய உயரத்தை அளக்கும் அளவுகோல் மட்டுமே. விலைவாசி கூரையைத் துளைத்தது எனும்போதும் அதுவே நிகழ்கிறது.

'கிளாஸ் சீலிங்' என்னும் தொடருக்கு வரும்போது இவ்விளக்கம் உதவுவதில்லை. 1978இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கலந்துரையாடலில் மேரிலின் லோடன் இதனைப் பயன்படுத்தினார். 1986இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழின் கட்டுரை இதனைப் பரவலாக்கியது. 1991இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தின் வழி இப்பெயராலேயே ஓர் ஆணையம் அமைந்தது. பணியிடத்தில் பெண்கள் குறிப்பிட்ட நிலைக்கு மேல் உயரவிடாமல் தடுக்கும், வெளிப்படையாகத் தெரியாத தடையை இது குறிக்கும். இத்தொடரின் ஆற்றல் உயரத்தில் மட்டும் இல்லை. 'சீலிங்' என்பது அறையின் உட்கூரை. ஓர் அறையின் உட்கூரைக்கு மேல் மற்றோர் அறையின் தரை இருக்கிறது. அத்தரையில் சிலர் ஏற்கெனவே நிற்கின்றனர். கண்ணாடி ஆதலால் கீழே நிற்பவர் அவர்களைக் காண முடியும். சென்று சேர முடியாது. ஒருவருக்குத் தடையாவது மற்றொருவருக்குத் தளம் என்னும் சமூக உண்மையை இத்தொடர் ஒரே படிமத்தில் அடக்கியுள்ளது. அடுக்குமாடி அலுவலகம் இன்றி இப்படிமம் பிறந்திருக்காது.

இத்தொடர் பின்னர் ஈன்றவையும் இதனை உறுதிப்படுத்துகின்றன. பெண்கள் மிகுந்த தொழில்களில் ஆண்கள் விரைந்து உயர்வதைக் 'கண்ணாடி நகரும்படிக்கட்டு' எனக் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் 1992இல் குறித்தார். ஆசிய அமெரிக்கர் எதிர்கொள்ளும் தடையை 'மூங்கில் உட்கூரை' என ஜேன் ஹ்யூன் 2005இல் பெயரிட்டார். கூரையும் படிக்கட்டும் பயன்படாப் பகுதிகள் என்னும் கூற்று இலக்குக்களம் மாறியதும் செல்லாமற் போவதை இவை காட்டுகின்றன.

படிக்கட்டும் வர்க்கத்தின் சுவடுடையது. பெரிய மாளிகைகளில் பணியாளர்களின் இருப்பிடமும் சமையற்கட்டும் நிலவறைத் தளத்தில் அமைந்தமையால் 'பிலோ ஸ்டேர்ஸ்' என்பது பணியாளர் உலகையே குறிப்பதாயிற்று. அரண்மனையின் பின்படிக்கட்டு வழியே அலுவல்முறையன்றி அரசரைக் கண்டோரை முன்னிட்டுப் 'பேக்ஸ்டேர்ஸ்' என்பது மறைமுகச் செல்வாக்கைச் சுட்டும் அடைமொழியாயிற்று. படிக்கட்டின் கீழே நின்றோர் அதற்கு என்ன பெயரிட்டிருப்பர் என்பது மொழியில் பதிவாகவில்லை. மரபுத்தொடர்களில் பெரும்பாலும் மேல்தளத்தில் நின்று பார்ப்போரின் கண்ணே செயல்பட்டுள்ளது.

இந்நிலைக்கு எதிராக எழுந்த குரலாக ஆட்ரி லார்டின் 1979ஆம் ஆண்டு உரையைக் கொள்ளலாம். எசமானனின் கருவிகளைக் கொண்டு எசமானனின் வீட்டைத் தகர்க்க இயலாது என்பது அவ்வுரையின் சாரம். வீட்டைக் காப்பிடமாகவோ கோட்டையாகவோ காணாமல், அதில் உரிமையின்றி உழைத்தோரின் நோக்கில் கண்டதே அதன் தனித்தன்மை. நூற்றாண்டுகளாக ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கப்பட்ட வீடு இங்கு மறுபக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது. மூலக்களம் ஒன்றே, நோக்குநிலை வேறு, பொருளும் அதனால் நேர்மாறு.

5. கதையும் சான்றும்

மரபுத்தொடர்களுக்கு வரலாறு தேவை எனும்போது, வரலாறு போலத் தோன்றும் புனைவுகளையும் விலக்க வேண்டியுள்ளது. 16ஆம் நூற்றாண்டு வாழ்க்கை பற்றியதாக 1999 அளவில் மின்னஞ்சல் வழி பரவிய ஒரு தொகுப்பு, 'த்ரெஷோல்டு' என்னும் நிலைப்படிச் சொல், தரையில் பரப்பிய வைக்கோலைத் தடுத்து நிறுத்திய மரத்திலிருந்து வந்தது என்றது. வைக்கோற்கூரையில் உறங்கிய பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததே பெருமழை பற்றிய மரபுத்தொடருக்குக் காரணம் என்றும் கூறிற்று. இரண்டும் ஆதாரமற்றவை. நிலைப்படிச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதன் முற்பகுதி மிதித்தற்பொருளுடைய வினையோடு தொடர்புடையது. பிற்பகுதியின் மூலம் இன்றும் தெளிவுறவில்லை.

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை நடப்பிலிருந்த சாளர வரியோடு 'டேலைட் ராபரி' என்னும் தொடரை இணைக்கும் கதையும் இத்தகையது. மக்கள் வரிக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்தது உண்மை. அதிலிருந்து இத்தொடர் பிறந்தது என்பதற்குச் சான்றில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராண்ட் தங்கிய விடுதியின் முன்கூடத்திலிருந்து 'லாபி' செய்தல் என்னும் வழக்கு தோன்றியது என்பதும் பிழை. அவர் 1869இல் பதவியேற்பதற்கு முன்பே அவ்வழக்கு இருந்தது. சட்டமன்றத்தின் முன்கூடத்தில் உறுப்பினரைச் சந்தித்து ஆதரவு தேடியதே அதன் பின்புலம்.

இக்கதைகள் மாணவர் நினைவில் எளிதில் பதிகின்றன என்பதனால் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிடுகின்றன. ஆனால் இவை பழங்கால எளியோரின் வீட்டை நகைப்புக்குரியதாக்குவதன் வழியாகவே சுவை பெறுகின்றன. 'ஈவ்ஸ்டிராப்' என்னும் சொல்லின் மெய்வரலாறு இக்கதைகளினும் சுவை குன்றியதன்று. அது சமூகத்தைப் பற்றிய அறிவையும் தருகிறது.

6. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

மேற்கண்ட பகுப்பு மொழிபெயர்ப்புக்கும் பயன்படுவது. தாங்கும் உறுப்புத் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் பெரும்பாலும் பொருள் நிற்கும். ஏனைய இருவகையிலும் அவ்வாறு நிற்பதில்லை.

'கிளாஸ் சீலிங்' என்பதைத் தமிழ் இதழ்கள் 'கண்ணாடிக் கூரை' என வழங்குவதுண்டு. கூரைக்கு மேல் வானமே உண்டு. வேறொருவர் நிற்கும் தரை இல்லை. எனவே, தடை என்னும் பொருள் கிட்டுகிறது. மேலே நிற்போர் உளர் என்னும் குற்றச்சாட்டு மறைந்துவிடுகிறது. 'கண்ணாடி மேற்றளம்' எனினும் 'கண்ணாடித் தளம்' எனினும் அக்குறிப்பு மீளும். ஆங்கிலத்தில் செய்தித்துறையைக் குறிக்கும் 'ஃபோர்த் எஸ்டேட்' நான்காம் சமூகப் பிரிவு எனப் பொருள்படும். இந்திய வழக்கில் அதனிடத்தை 'மக்களாட்சியின் நான்காவது தூண்' என்னும் கட்டட உருவகம் பெற்றுள்ளது. சமூகப் பிரிவு அதிகாரத்தின் எதிரே நிற்கக்கூடியது. தூண் மேலுள்ளதைத் தாங்க வேண்டியது. செய்தித்துறையின் கடமை பற்றிய எதிர்பார்ப்பே இம்மாற்றத்தால் வேறுபடுகிறது.

இணைத்தொடர் காணும்போதும் நோக்குநிலையைக் கருத வேண்டும். 'ஸ்கெலிட்டன் இன் த கபோர்டு' என்பது குடும்பத்தின் வெளிவராத இழுக்கைக் குறிக்கும். அமெரிக்க வழக்கில் அலமாரியின் இடத்தில் துணியறை வரும். தமிழின் 'வீட்டுக்கு வீடு வாசற்படி' இதற்கு நெருங்கிய தொடர் எனலாம். எனினும் ஆங்கிலத் தொடர் குறையைப் பூட்டிய மூலையில் வைக்கிறது; கண்டுபிடிக்கப்படும் அச்சம் அதில் உள்ளது. தமிழ்த்தொடர் குறையை எல்லாரும் மிதித்துச் செல்லும் வாயிலில் வைக்கிறது. எவ்வீடும் விலக்கன்று என்னும் ஆறுதல் அதில் உள்ளது. அம்பலப்படுத்தும் இடத்தில் வரும் ஆங்கிலத் தொடருக்கு ஆறுதல் கூறும் தமிழ்த்தொடரை இட்டால் பனுவலின் தொனி பிறழும்.

முடிவுரை

இவ்வாய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கருத்துருவகக் கோட்பாடு கட்டடத்தின் தாங்கும் உறுப்புகள் சார்ந்த தொடர்களை நன்கு விளக்குகிறது. அவற்றைக் கட்டடத்தினின்றும் பிரித்துப் பொதுவான முதனிலை உருவகங்களாகக் கண்ட கிரேடியின் திருத்தமும் அவ்வளவில் ஏற்புடையதே.

பயன்படாப் பகுதிகள் எனப்பட்ட கூரை, படிக்கட்டு, உள்ளறை ஆகியன மனித உறவுகளைப் பேசும் தொடர்களில் செழித்துள்ளன. ஆகவே, ஒரு மூலக்களத்தின் பயன்பாட்டை ஓர் இலக்குக்களத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது.

எல்லை உறுப்புகளும் வாழும் உறுப்புகளும் சார்ந்த தொடர்கள் உடைமைச் சட்டம், பணியாளர் முறை, அலுவலகப் படிநிலை ஆகியவற்றின் வரலாற்றோடு இணைந்தவை. உள்ளே நிற்போர், வெளியே நிற்போர், மேலே நிற்போர், கீழே நிற்போர் என்னும் நோக்குநிலையும் மூலக்களத்தின் ஒரு கூறாகக் கொள்ளப்பட வேண்டும்.

அகராதிகளும் பாடநூல்களும் இத்தொடர்களைத் தலைப்புவாரியாக அடுக்குவதோடு நில்லாமல், ஒவ்வொரு தொடரிலும் பேசுவோன் நிற்கும் இடத்தைச் சுட்டுதல் வேண்டும். சான்றற்ற தோற்றக் கதைகளை விலக்குதல் வேண்டும். அடித்தளம் என ஒன்று கூறப்படும்போது அங்கே கிடப்பது கல்லா, மனிதரா என்று கேட்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பதும் மொழிக்கல்வியின் கடமையே ஆகும்.